அழியாதவரின் சட்டைப் பை

ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் பல ரகம் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வந்த சுவடு தெரியாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம்மைவிட அதிகமாக அழுது, கடைசியில் நாமே அவர்களைத் தேற்றிப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டிய நிலைமையை உண்டாக்குகிறவர்களும் உண்டு. இவர்கள் பேரில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இங்கே நான் அறிமுகம் செய்யப் போகிறவர் வேறு இனம். பெயர்: ‘நீங்க உடம்பு இல்லை’க்காரர்.

பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் “காய்ச்சல் உடம்புக்குத்தானே” என்பார். மாடிப்படியில் உருண்டு காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு கிடந்தால், அந்தக் கட்டை விரலால் தட்டிப் பார்த்து, “உடைஞ்சது காலு. நீங்களா உடைஞ்சீங்க?” என்று சிரிப்பார். உங்களுக்குச் சிரிப்பு வராது. வராததையும் அவர் கவனித்து, அது உங்கள் ஆன்மிக வளர்ச்சி போதாமையின் அடையாளம் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார்.

தத்துவத்தோடு எனக்குச் சண்டை இல்லை. உடம்பு போகும், உள்ளே இருப்பது போகாது என்று பெரிய மனசுக்காரர்கள் உட்கார்ந்து யோசித்துச் சொன்னதை மறுக்க நான் யார்? ஆனால் இந்த இனம் அந்தத் தத்துவத்தை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அது எப்போதும் அடுத்தவர் உடம்பைப் பற்றியே இருக்கும். அழியப் போவது உங்கள் உடம்பு, நிலையில்லாதது உங்கள் ஈரல், வெறும் தோல் பை உங்கள் தோல் பை. இவருக்கு மட்டும் இரண்டு தும்மல் வந்தால் வீட்டில் மின்விசிறி நிற்க வேண்டும்.

பேச்சு பொதுவாகப் போனால் நீங்கள் யாரையோ நினைத்துக்கொண்டு தப்பித்துவிடுவீர்கள். ஆகவே ஒருவரைப் பிடித்துக் காட்டுகிறேன். இவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தெருவில் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘அழியாதவர்’. “அழியாதவர் வர்றாரு” என்று யாராவது மெல்லச் சொன்னால், இருமிக்கொண்டிருக்கிறவன் இருமலை அடக்கிக்கொள்வான்.

அழியாதவர் பிறவியிலேயே இப்படி இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து மண்டபத்தில் ஒரு பெரியவர் ஆத்மாவைப் பற்றி இரண்டு நாள் சொற்பொழிவு ஆற்றினார். மனைவி கூப்பிட்டதால் இவரும் போனார். முதல் நாள் பொருள், ‘நீ உடம்பு இல்லை.’ கேட்டார், சொக்கிப் போனார், வீடு திரும்பும் வழியெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மண்டபத்தில் அவர் உட்கார்ந்த இடம் ஜன்னலோரம். ராத்திரி ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் மனைவி மட்டும் போனாள். இவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, வெந்நீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஜலதோஷம் சரியானதும், முதல் நாள் கேட்டதை ஊருக்கு வழங்கக் கிளம்பிவிட்டார். இரண்டாம் நாள் என்ன பேசினார்கள் என்று மனைவியைக் கேட்கத் தோன்றவில்லை. தொடக்கமே இவ்வளவு பிரமாதமாக இருக்கும்போது மீதி எதற்கு?

தத்துவத்தை அவர் தன் தொழிலுக்குத் தக்கபடி தைத்துக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு உடைந்த கண்ணாடி ஃபிரேம் எப்போதும் இருக்கும். ஒரு பக்கத்துக் காதுக்கம்பி போய், மூக்கில் உட்காரும் இடத்தில் விரிசல் விட்ட கறுப்பு ஃபிரேம். துக்க வீட்டுக்குள் நுழைவார்; சம்பந்தப்பட்டவருக்கு மிக அருகில், முழங்கால் முழங்காலில் இடிக்கிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்; தொண்டையைச் செருமுவார்; பையிலிருந்து ஃபிரேமை எடுத்து நீட்டுவார். “இது என்ன? ஃபிரேம். உடைஞ்சுபோச்சு. இதுல இருந்த லென்ஸ் என்ன ஆச்சு? வேற ஃபிரேம்ல இருக்கு. அவ்வளவுதான் சங்கதி. உடம்புங்கிறது வெறும் ஃபிரேம். இதுக்குப் போய் அழலாமா?”

இதே மனிதரைக் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை ஒரு வாடிக்கையாளர் விலையைக் கேட்டு மிரண்டுபோய், “என்ன சார், வெறும் ஃபிரேம்தானே?” என்று சொல்லிவிட்டார். அழியாதவர் முகம் அப்படியே வாடிப்போயிற்று.

“வெறும் ஃபிரேம்னு சொல்லாதீங்க சார். லென்ஸை யார் பாக்கறாங்க? எதிர்ல வர்றவன் பாக்கறது ஃபிரேமைத்தான். மனுஷனுக்கு ஃபிரேம்தான் எல்லாமே.”

கடைக்குள் ஒரு சித்தாந்தம், கடைக்கு வெளியே ஒரு சித்தாந்தம். நடுவே ஒரு இரும்பு ஷட்டர். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது.

துக்க வீடுகளில் எல்லோரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொள்வார்கள். எதிர்த்துப் பேசுகிற நேரமா அது? ஒரே ஒரு தடவை, அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண், தையல் வகுப்பு நடத்துகிறவள், அழுது வீங்கிய கண்ணோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப எங்கம்மா இப்ப எங்க இருக்காங்க சார்?”

“எங்கேயும் நிறைஞ்சிருக்காங்கம்மா.”

“அப்புறம் ஏன் வீடு இவ்ளோ காலியா இருக்கு?”

அழியாதவர் ஃபிரேமைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “அதெல்லாம் போகப் போகப் புரியும்” என்றார். அப்போது யாரோ காபி கொண்டுவந்தார்கள். “சர்க்கரை போட்டிருக்கா? எனக்கு வேண்டாம்மா, உடம்புக்கு ஆகாது” என்று கையை ஆட்டி மறுத்துவிட்டு எழுந்தார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் மைத்துனருக்குப் பித்தப்பையில் கல் வந்தது.

மைத்துனர் என்றால் மனைவியின் ஒரே தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர். லாரிக்கு நேராக வண்டியை விடுகிற மாணவர்களிடம்கூட “பரவால்ல, ஸ்டீரிங்கை மெதுவா ஒடிங்க” என்று சொல்கிற நிதானம். ஆனால் ஆஸ்பத்திரி வாடை பட்டால் அந்த நிதானம் எல்லாம் காற்றில் போய்விடும். கல்லோடு சேர்த்துப் பையையே எடுத்துவிட வேண்டும், இனியும் தள்ளிப்போட்டால் உள்ளே சீழ் வைத்து வெடித்துவிடும், அப்புறம் ஆளைக் காப்பாற்றுவது எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை வாசல் வரை வந்து திரும்பி ஓடியவரை, அக்காதான் விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று மனைவி அழியாதவருக்கு எச்சரிக்கை கொடுத்தாள்.

“அவன் ஏற்கெனவே பயந்து கிடக்கான். அங்க வந்து உங்க ஃபிரேமை வெளியில எடுத்தீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“எடுக்கல.”

“ஆத்மாங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது.”

“வராது. எனக்குத் தெரியாதா எங்க எது பேசணும்னு?”

அவருக்குத் தெரியும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அறைக்குள் போனதும் நல்லபடியாகவே ஆரம்பித்தார். மின்விசிறி சத்தம் போடுகிறதே என்றார். கீழே வண்டி நிறுத்த இடம் கிடைக்காததைச் சொன்னார். ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றிக்கூட ஒரு அபிப்பிராயம் சொன்னார். மனைவி நிம்மதியடைந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

“மாமா” என்றார் மைத்துனர், போர்வையைப் பிசைந்துகொண்டு. “எனக்குப் பயமா இருக்கு.”

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இப்படிச் சொல்லலாமா? அழியாதவர் தன்னை அடக்கப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நாற்காலி தானாகவே கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்தது. தொண்டை தானாகவே செருமிக்கொண்டது. கை பைக்குள் போயிற்று.

“மாப்ளே, இது என்ன?”

மைத்துனர் கேட்டார். மற்றவர்களைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கவில்லை. கண்ணைக் கொட்டாமல், ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து வைத்துக்கொள்கிறவர் போலக் கேட்டார். முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. “திரும்பச் சொல்லுங்க மாமா” என்றார்.

திரும்பச் சொல்லுங்கள் என்று அழியாதவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திரும்பச் சொன்னார். இந்தத் தடவை வாடகை வீடு உதாரணத்தையும் சேர்த்துக்கொண்டார்: உடம்பு வாடகை வீடு, நாம் குடியிருப்பவர், நேரம் வந்தால் காலி செய்துகொண்டு போகிறோம்.

மனைவி திரும்பி வந்தபோது தம்பி ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கடா கிளம்பிட்ட?”

“வீட்டுக்கு அக்கா. மாமா தெளிவா சொல்லிட்டாரு. கல்லு உடம்புக்குத்தானே. நான் உடம்பு இல்ல. எனக்கு எதுக்கு ஆபரேஷன்?”

மனைவி அழியாதவரைப் பார்த்தாள். அவர் கையில் ஃபிரேம் இருந்தது. ஒளித்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை.

“நீங்கதான் கிளப்பி விட்டீங்க. நீங்களே படுக்க வைங்க” என்று சொல்லிவிட்டுக் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவருடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக உடம்பு ஒன்றும் இல்லை என்று முழங்கியவர், உடம்புக்காக வக்காலத்து வாங்க வேண்டும். அதுவும் பாடத்தை ஒரு எழுத்து விடாமல் நெட்டுருப் போட்டுவிட்ட ஒரே மாணவனிடம்.

“மாப்ளே, அப்படி இல்ல. ஆத்மா தங்கறதுக்கு ஒரு இடம் வேணும்ல?”

“அது எங்கேயும் நிறைஞ்சிருக்குன்னு இப்பதானே சொன்னீங்க.”

“சரி, உடம்பு ஒரு வீடுன்னே வச்சுக்கோ. கூரை ஒழுகினா சரி பண்ண மாட்டோமா?”

“வாடகை வீடுன்னீங்க. வாடகை வீட்டுக்கு நான் ஏன் மாமா மராமத்து பாக்கணும்? வீட்டுக்காரர் பாத்துப்பார்.”

“அந்த வலி திரும்ப வந்துச்சுன்னா?”

“வலிக்கும். எனக்கில்ல, உடம்புக்கு.”

தன் சொந்த வாக்கியங்களே இப்படி வரிசை கட்டி எதிரில் நிற்பதை அழியாதவர் பார்த்ததில்லை. அவை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டவை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. எந்த இடத்திலும் ஒரு ஓட்டை கிடையாது. உள்ளே நுழைந்தவனை வெளியே இழுக்க ஒரு கைப்பிடியும் கிடையாது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “தியேட்டர் ரெடி. இவரை எப்ப கூட்டிட்டுப் போறது? இல்ல, அடுத்தவங்களை உள்ள எடுக்கட்டுமா?”

மைத்துனர் செருப்பைத் தேடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விலாவுக்குக் கீழே கை போயிற்று, முகம் வெளிறியது, மேல் உதட்டில் வேர்த்தது. ஒரு சத்தமும் போடவில்லை. வலி உடம்புக்குத்தான் என்று முடிவெடுத்துவிட்டபடியால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க முயன்றார்.

அந்தச் சிரிப்பை அழியாதவர் அடையாளம் கண்டுகொண்டார். தான் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது. மாவுக்கட்டுக் காலைத் தட்டிப் பார்த்துத் தான் சிரித்த அதே சிரிப்பு. இவன் இப்படியே சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டால் அப்புறம் இவனை எந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது? துக்கம் கேட்க யாருக்கு அருகில் அந்த நாற்காலியைப் போடுவது? கதவில் சாய்ந்து நிற்கிறவளைத் திரும்பிப் பார்த்தார். சட்டென்று பார்வையை இழுத்துக்கொண்டார்.

“டேய்” என்றார். மாப்ளே என்கிற மரியாதையெல்லாம் போய்விட்டது. “உன் ஆத்மாவை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? அது வந்து என்கூட ஞாயித்துக்கிழமை சீட்டாடுமா? ஆடிட்டுத் திருட்டாட்டம்னு சண்டை போடுமா? எனக்கு இந்தத் தொப்பை வேணும். இந்த மூஞ்சி வேணும். நீ போயிட்டா உங்கக்கா முகத்தை நான் எப்படிடா பாப்பேன்? எனக்கும் பயமாத்தான் இருக்கு. உன்னைவிட அதிகமா இருக்கு. பேசாம போய்ப் படு.”

மைத்துனர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். 

“மயக்க மருந்து குடுத்துடுவாங்க மாமா. அப்புறம் வண்டி எவன் கையிலயோ. என் காலுக்கடியில பிரேக் இருக்காது. அதான்.”

“நான் வாசல்ல நிக்கறேன். நீ வெளிய வர்ற வரைக்கும் நகர மாட்டேன்.”

நின்றார். உட்கார இடம் இருந்தும் நின்றார். கல்லும் பையும் ஒழுங்காக வெளியே வந்தன; மைத்துனரும் வந்தார். கண் திறந்ததும் முதலில் தேடியது மாமாவைத்தான். அழியாதவர் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லாதபோதிலும்.

அன்றோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். இந்த இனம் திருந்துவதில்லை. அடுத்த வாரமே ஒரு துக்க வீட்டுக்குப் போனார், நாற்காலியை இழுத்துப் போட்டார், செருமினார், பைக்குள் கை விட்டார். ஃபிரேமைக் காணோம். ஆஸ்பத்திரி அமர்க்களத்தில் எங்கேயோ தவறிவிட்டது. ஃபிரேம் இல்லாமல் அவருக்குப் பேச்சு வரவில்லை. திருதிருவென்று விழித்துக்கொண்டு, செத்துப்போன கிழவரின் மகன் அப்பாவின் குறட்டையைப் பற்றியும் அவர் முன்கோபத்தைப் பற்றியும் சொன்னதையெல்லாம் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் வரை வந்த மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வந்தது ரொம்ப ஆறுதலா இருந்துச்சு சார்” என்றான். ஒருவர் இவருக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அழியாதவருக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆகிவிட்டது. தான் ஒன்றுமே சொல்லவில்லையே, பிறகு இவனுக்கு என்ன ஆறுதல் என்று வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தார்.

அந்தப் பொருமலோடு மறுநாள் கடையின் ஷட்டரை ஒரே மூச்சில் தூக்கினார். முதுகில் என்னவோ பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடத்தினார்கள். தலையணையை மாற்றினால் வலித்தது, மாற்றாவிட்டாலும் வலித்தது. தெரு முழுவதும் கேட்கிற மாதிரி முனகினார். வெந்நீர்ப் பை, தைலம், ஜன்னலைச் சாத்து, ஜன்னலைத் திற. மனைவிக்கு உட்கார நேரமில்லை.

சாயங்காலம் மைத்துனர் வந்தார். தையல் பிரித்தாகிவிட்டது; முகம் பளிச்சென்று இருந்தது. நாற்காலியைக் கட்டிலுக்கு மிக அருகில் இழுத்துப் போட்டார். மைத்துனர் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையில் கை விட்டு, ஒரு பக்கத்துக் காதுக்கம்பி இல்லாத கறுப்பு ஃபிரேமை எடுத்து நீட்டினார்.

“மாமா, இது என்ன?”

“டேய், என் ஃபிரேம்டா அது. எங்க இருந்துச்சு?”

“ஆஸ்பத்திரிப் போர்வைக்குள்ள. இப்ப நாலு பேருக்குச் சொல்லிட்டேன் மாமா. எதிர்வீட்டுத் தாத்தா பல் பிடுங்கினப்பகூட இதைக் காட்டித்தான் பேசினேன். நீங்களே சொல்லுங்க, பிடிச்சுக்கிட்டது யாருக்கு? முதுகுக்கு. நீங்க முதுகா?”

“மாப்ளே, அந்த வெந்நீர்ப் பையை மட்டும் எடுத்து...”

“வெந்நீர்ப் பை யாருக்கு மாமா?”

வெந்நீர்ப் பை மனைவியின் கையில் இருந்தது. சூடாக, துணி சுற்றி, தயாராக இருந்தது. அவள் அறை வாசலில் நின்றுகொண்டு, “அவன் பேசி முடிக்கட்டும்” என்றாள். தம்பி வாடகை வீடு வரைக்கும் பேசி முடித்து, ஃபிரேமைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டுப் போன பிறகுதான் கட்டில் பக்கம் வந்தாள்.

அழியாதவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சுவரோடு பேசுகிற மாதிரிக் கேட்டார்.

“அந்த மண்டபத்துல ரெண்டாம் நாள் என்னதான் சொன்னாரு?”

“இத்தனை வருஷத்துல இப்பதான் கேக்கத் தோணிச்சா?”

“சொல்லேன்.”

“‘நான் உடம்பு இல்லை’ன்னு ஒவ்வொருத்தரும் தன்னைப் பத்தி மட்டும்தான் சொல்லிக்கணும்னாரு. அடுத்தவனைப் பாத்து ‘நீ உடம்பு இல்லை’ன்னு சொல்றதுக்கு நமக்குப் பாத்தியதை கிடையாதாம். அடுத்தவனுக்குப் பசிச்சா அது அவன் வயிறுதான். வலிச்சா அது அவன் முதுகுதான். திரும்பிப் படுங்க.”

திரும்பிப் படுத்தார். வெந்நீர்ப் பையைச் சரியான இடத்தில் வைத்து அழுத்தினாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் உங்கள் சித்தப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். மேல் மாடியில் குடியிருப்பவரிடம் இதைப் படிக்கக் கொடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். கொடுங்கள், தாராளமாக. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். போன மாதம் உங்களிடம் ஒருவர் ‘வலிக்குது’ என்றாரே, அப்போது உங்கள் வாயில் முதலில் வந்தது ‘எங்கே?’ என்கிற கேள்வியா? இல்லை, ‘எல்லாம் மனசுதான்’ என்று தொடங்கி ஏதாவது ஒன்றா? இரண்டாவது என்றால், நாற்காலியை எவ்வளவு அருகில் இழுத்துப் போட்டீர்கள்? அப்படியே உங்கள் சட்டைப் பையையும் ஒரு தரம் தடவிப் பாருங்கள். அந்தக் கறுப்பு ஃபிரேம் இப்போது மைத்துனரிடமும் இல்லை, எங்கேயோ தவற விட்டுவிட்டாராம்.